பூட்டுக்கு நிழல் போடும் பாடம்

ஜூலை 3, வியாழன்

திருச்சியில் ஒரு நாள் பயிற்சி. தலைப்பு, 'கலை வழியாகச் சமூகப் பிரச்சினைகளைக் கற்பித்தல்'. மாவட்டத்து ஓவிய ஆசிரியர்கள் எல்லோரும் வந்திருந்தோம். பயிற்சி கொடுத்தவர் சணல் பை மாட்டிய ஓர் இளைஞர். என் அண்ணன் மகன் வயதுதான் இருக்கும். "உங்க வலி எதுவோ அதை வரைங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர் முழங்காலை வரைந்தார். எனக்கு வலி என்று எதுவும் தோன்றாததால் கத்திரிக்காய் வரைந்தேன். கத்திரிக்காய் எனக்கு நன்றாக வரும்.

பிள்ளைகள் எதை வரைந்தாலும் திருத்தக் கூடாது என்று அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. திருத்தாமல் இருப்பதற்கு எனக்கு எதற்குச் சம்பளம்? என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். பொருளை ஸ்டூல் மேல் வைத்து, பார்த்து வரைய வேண்டும். ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னால் நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் அதே இரண்டு மலை, நடுவில் சூரியன்தான்.

மதியம் பிரியாணி நன்றாக இருந்தது. டீ குடிக்கவில்லை. பெண்கள் கழிப்பறை வரிசை மாடிப்படி வரை நின்றது.

ஜூலை 7, திங்கள்

தலைமை ஆசிரியர் தனக்கோட்டி சார் கூப்பிட்டு அனுப்பினார். தூய்மைப் பள்ளி விருதுக்கு நம் பள்ளியின் பெயரைக் கொடுத்திருக்கிறாராம். அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருகிறது. "அரசி டீச்சர், நீங்கதான் அன்னைக்கு டிரெயினிங் போனீங்க. டாய்லெட் கட்டடத்தோட வெளிச்சுவரு முழுக்கப் பொண்ணுங்களை வச்சு விழிப்புணர்வுப் படம் போட்டுருங்க." முழுப்பெயர் மங்கையர்க்கரசி. யாருக்கும் அவ்வளவு நேரமில்லை.

அந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். சார் பல வருஷம் அலைந்து ஓர் அறக்கட்டளையிடம் கேட்டு வாங்கியது. அதற்கு முன்பு இருந்ததை, சாயந்திரமானால் சுவர் ஏறிக் குதிக்கும் குடிகாரர்கள் உடைத்துப் போட்டு, கதவையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் புதியதைத் திறப்பு விழா அன்று சாயந்திரமே சார் பூட்டிவிட்டார். உள்ளே வெள்ளை டைல்ஸ், குழாய், தாழ்ப்பாள் எல்லாம் உண்டு என்று சொல்கிறார். யாராவது அதிகாரி வந்தால் திறப்பார்.

"அஞ்சு வருஷம் ஆச்சு டீச்சர். ஒரு டைல்ஸ் உடையல. வேற எந்த ஸ்கூல்லயாவது பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை என்றேன். உண்மைதான்.

பையன்களுக்கு ஊரே திறந்து கிடக்கிறது. பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னால் கருவேலங்காட்டுக்கு இரண்டிரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தி காவல். கணக்கு எடுக்கும் ஸ்டெல்லா டீச்சருக்கு அடுத்த தெருவில் அக்கா வீடு. தலைமை ஆசிரியர் அறைக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. சார் உள்ளே இருந்தால் நாம் போக முடியாது. சார் வெளியே போனால் அறையைப் பூட்டிவிடுவார். எனக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயந்திரம் மணப்பாறை வந்து சேர்ந்த பிறகுதான். பழகிவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பில் ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தேன். 'சுத்தமான பள்ளி' என்று ஒரு மாதிரிப் படம் போடச் சொன்னேன். ஐந்து பேர் துடைப்பமும் குப்பைத் தொட்டியும் போட்டார்கள். பவதாரணி மட்டும் வேறு மாதிரி. மூடிய கதவு, அதில் பெரிய பூட்டு, எதிரே பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோரும் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த வகுப்பிலேயே கை சுத்தமாக ஓடுவது இவளுக்குத்தான்.

ஆனால் பூட்டைப் பார்க்காமல் வரைந்திருக்கிறாள். சாவித் துவாரம் முன்பக்கம் இருக்கிறது. அமுக்குப் பூட்டில் அது அடியில்தான் இருக்கும். "போய்ப் பார்த்துட்டு வந்து வரை" என்றேன். மற்ற ஐந்து பேரும் கூடப் போனார்கள். எல்லோரும் கழிப்பறைக் கதவின் முன்னால் வெகுநேரம் நின்று பூட்டைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து ஆறு பேருமே பூட்டு வரைந்தார்கள். ஒருத்தி கனகாம்பரம் வைத்தால் வகுப்பே கனகாம்பரம் வைக்கும், அந்த மாதிரிதான். இரும்புக்கு எப்படி நிழல் போடுவது, வெளிச்சம் படும் இடத்தை எப்படி வெள்ளையாக விடுவது என்று சொல்லிக்கொடுத்தேன். பாடம் நன்றாகப் போனது.

ஜூலை 11, வெள்ளி

பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை வழக்கம்போல முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றினேன். செடி தளதளவென்று இருக்கிறது. எதிர்வீட்டு அம்மா என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

சுவரில் வேலை ஆரம்பம். பவதாரணியின் படத்தையே பெரிதாக்குகிறோம். காலையிலேயே அந்த ஆறு பேரில் யோகலட்சுமியும் இன்னொருத்தியும் "டீச்சர், போயிட்டு வரட்டுமா" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள், பெயின்ட் டப்பாவில் ஆடை படிந்த பிறகுதான் வந்தார்கள். கழிப்பறைச் சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் கழிப்பறைக்குப் போக அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

பவதாரணி எங்கும் போவதில்லை. ஏணியில் ஏறினால் மணி அடிக்கும்வரை இறங்க மாட்டாள். நல்ல பிள்ளை.

எனக்கு அடிவயிற்றில் எரிச்சல். "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்றார் வீட்டுக்காரர். சாயந்திரம் குடித்தேன்.

ஜூலை 19, சனி

எரிச்சல் தாங்க முடியாமல் அரசு மருத்துவமனைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பவதாரணியும் அவள் அம்மாவும். என்னைப் பார்த்ததும் அவள் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளுக்குக் காய்ச்சல், அடிவயிற்றில் வலி.

டாக்டரம்மா என்னிடம், "தண்ணி குடிக்கிறீங்களா? அடக்கி வைக்கிறீங்களா?" என்று கேட்டார். சூடுதான் காரணம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவளுக்கும் எனக்கும் ஒரே மஞ்சள் மாத்திரை. மருத்துவமனையில் வேறு மாத்திரை தீர்ந்துபோயிருக்கும் போலிருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

தனக்கோட்டி சார் சுவரைப் பார்த்தார். பெண்கள் உயிரோடு நிற்பது போல இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு பூட்டைப் பார்த்தார். பூட்டு உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது. ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன், வெயிலில் பளபளக்கிறது.

"இது வேண்டாம் டீச்சர். நெகட்டிவா இருக்கு. ஒரு பூ கீ போட்டு மறைச்சுருங்க."

பவதாரணி ஏணியிலேயே நின்றாள். காய்ச்சலோடு வந்திருந்தாள். "நீயே போடு" என்று பிரஷை நீட்டினேன். வாங்கவில்லை. முதல் தடவையாக நான் சொன்னதைக் கேட்காமல் இறங்கிப் போய்விட்டாள். நானே பூட்டின் மேல் சிவப்புச் செம்பருத்தி ஒன்று போட்டேன். செம்பருத்தியும் எனக்கு நன்றாக வரும். ஆனால் மனசே சரியில்லை.

ஜூலை 25, வெள்ளி

பவதாரணி இந்த வாரம் அதற்குப் பிறகு வரவில்லை. யோகலட்சுமியைக் கேட்டால் பெயின்ட் டப்பாவைப் பார்த்துக்கொண்டு "தெரியல டீச்சர்" என்கிறாள்.

ஜூலை 28, திங்கள்

பள்ளி விட்டதும் பவதாரணி வீட்டுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. அவள் அம்மா அப்போதுதான் களை எடுத்துவிட்டு வந்திருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"படிக்க வேண்டாம்னு நான் சொல்லலைங்க டீச்சர். காலையில ஒரு வாய்த் தண்ணி குடிக்காம போவுது. சாயந்திரம் வந்து வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுத்துக்குது. வயசுக்கு வந்த புள்ள, அந்தக் கருவக்காட்டுக்குள்ள எப்படிங்க அனுப்பறது? போன மாசம் எவனோ செல்லுல படம் எடுத்தானாமே, உங்களுக்குத் தெரியுங்களா?"

எனக்குத் தெரியாது.

"அவங்கப்பா ஆவணி பொறந்ததும் மில்லுல சேத்து விட்டுறலாங்கறாரு. வயசக் கூட்டிச் சொல்லிக்கலாமாம். அங்க பாத்ரூம் இருக்குதாம்."

பிள்ளைக்குக் கை நன்றாக இருக்கிறது, விட்டுவிடாதீர்கள் என்றேன். "கை நல்லாத்தாங்க இருக்குது" என்றார் அந்தம்மா.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். இங்கிருந்து மணப்பாறை போக வேண்டுமே. கதவோரம் நின்ற பவதாரணி, "டீச்சர் குடிக்க மாட்டாங்கம்மா. ஸ்கூல்லயும் குடிக்க மாட்டாங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். இத்தனை நாளாகக் கவனித்திருக்கிறாள்.

பஸ்ஸில் எனக்கு அப்படி ஒரு கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டேன். அவர் பாவம், சரியாகத்தான் கொடுத்திருந்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சுவர் முடிந்தது. பாட்டில் தண்ணீர் செடிக்கு. மஞ்சள் மாத்திரை தீர்ந்தது, எரிச்சல் தீரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆய்வுக் குழு வந்தது. காலையிலேயே சார் பூட்டைத் திறந்து, பினாயில் ஊற்றி, ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். டைல்ஸ் விஷயத்தில் சார் பொய் சொல்லவில்லை. கல்யாண மண்டபத்துச் சமையலறை கூட இப்படி இருக்காது.

குழுவில் வந்த மேடம் பெண்களைப் பார்த்து, "எல்லாரும் யூஸ் பண்றீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம்!"

சார் நேற்று முழுவதும் பழக்கியிருந்தார். ஒரு குரல் பிசகவில்லை. மேடம் சுவரைப் பார்த்தார். பூப் போட்ட மூடிய கதவு, அதன் முன் காலைச் சேர்த்து நிற்கும் பெண்கள். "ரொம்ப ஆழமா இருக்கு. கல்விங்கிற கதவுக்கு முன்னாடி பெண் குழந்தைகள் காத்திருக்காங்க, இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். யோகலட்சுமி என்னையே பார்த்தாள்.

சாப்பாட்டுக்கு அவர்களை அழைத்துப் போகும்போது சார் திறந்த பூட்டை என் கையில் வைத்தார். "அமுக்கிட்டு வந்துருங்க டீச்சர்." சாவி அவர் பையிலேயே இருந்தது.

நான் கதவுக்கு முன்னால் பூட்டோடு நின்றேன். அப்போது மணி அடித்தது. அடுத்த பாடவேளை ஒன்பதாம் வகுப்புக்கு ஓவியம். காலையில் இருந்த பரபரப்பில் வரைவதற்கு மாதிரிப் பொருள் எதுவும் கொண்டுவரவில்லை. கத்திரிக்காய் இல்லை, கூஜா இல்லை. கையில் பூட்டுதான் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய் ஸ்டூல் மேல் வைத்தேன். "இதை வரைங்க" என்றேன்.

"டீச்சர், திறந்த மாதிரி வரையறதா, பூட்டின மாதிரி வரையறதா?" என்று யோகலட்சுமி கேட்டாள்.

"எதிர்ல எப்படி இருக்கோ அப்படி."

ஆகஸ்ட் 6, புதன்

படம் முடியவில்லை. பூட்டு ஸ்டூல் மேலேயே இருக்கிறது. பாதிப் படத்தில் மாதிரிப் பொருளை நகர்த்தினால் நிழல் மாறிவிடும். இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் பெண்கள் கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். குழாயைத் திறந்து மூடி விளையாடும் சத்தம். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

சார் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பூட்டு?"

"மாதிரிப் பொருள் சார். இன்னும் முடியல."

"எப்ப முடியும்?"

"இரும்பு சார். லேசுல வராது. கொஞ்சம் நாளாகும்."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். நாற்பது பேரும் தலை நிமிராமல் நிழல் போட்டுக்கொண்டிருந்தார்கள். "வேற பூட்டு வாங்கிக்கவா?" என்றார்.

"வாங்குங்க சார். ரெண்டு இருந்தா ஒப்பிட்டு வரைய வசதியா இருக்கும்."

போய்விட்டார். கரும்பலகையைத் துடைத்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சார் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"எதுக்கு டீச்சர் இப்படிப் பண்றீங்க? குடிகாரப் பயலுங்க திரும்ப உள்ள பூந்தா யாரு பதில் சொல்றது? எத்தனை பேர் காலைப் பிடிச்சு வாங்கினேன் தெரியுமா?"

அது பொய்யில்லை. அவர் அலைந்தது எனக்குத் தெரியும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேஜை மேல் இருந்த உலக உருண்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பவதாரணி நின்னுட்டா சார். ஆவணியில மில்லுக்குப் போறா. தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி அவளுக்கு நோவு வந்துருச்சு. காட்டுப் பக்கம் எவனோ படம் எடுத்திருக்கான்." பிறகு, சொல்ல நினைக்காத ஒன்றையும் சொன்னேன். "எனக்கும் அதே நோவுதான் சார். அதே மாத்திரை."

சொன்ன பிறகுதான் அது எனக்கே காதில் விழுந்தது. அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் உலக உருண்டையைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"எப்படி சார் சொல்றது?"

அவர் தரையைப் பார்த்தார். நானும் தரையைத்தான் பார்த்தேன்.

"சாயந்திரம்தானே சார் அவனுங்க வரானுங்க. பள்ளிக்கூடம் விட்டதும் நானே பூட்டறேன். காலையில வந்து திறக்கறேன். சாவியைக் குடுங்க" என்றேன்.

அவர் சாவியைப் பையிலிருந்து எடுத்தார். தரவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு, ஏதோ மறந்தவர் போல எழுந்து வெளியே போனார். முதல் முறையாக அறையைப் பூட்டாமல் போனார். சாவியை எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பவதாரணி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் அப்பாவும் இருந்தார். "பெரிய ஆபீசர் வந்தப்பவும் தொறந்துதான் இருந்துச்சாம்" என்றார். "நானே வந்து பாக்கறேன்" என்றார் அந்தம்மா.

இன்று அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அந்தம்மா வேலைக்குப் போகாமல் வந்தார். தனியாக உள்ளே போய்க் குழாயைத் திறந்தார், மூடினார். கதவை உள்ளிருந்து தாழ் போட்டு, வெளியிலிருந்து தள்ளிப் பார்க்கும்படி என்னிடம் சொன்னார். "நல்லா அழுத்தித் தள்ளுங்க டீச்சர்." தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. பின்பக்க ஜன்னலில் ஆள் எட்டிப் பார்க்க முடியுமா என்று கட்டடத்தைச் சுற்றி வந்தார். வாளி எங்கே, மக் எங்கே என்று கேட்டார். போன வாரம் காரில் வந்த குழு இதில் ஒன்றைக் கூடக் கேட்கவில்லை.

தனக்கோட்டி சார் தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் ஆள் அனுப்பி இரண்டு வாளியும் இரண்டு மக்கும் வாங்கிவந்து என் மேஜையில் வைத்தார். திருட்டுப் போகாமல் இருக்க அதில் பள்ளியின் பெயர் எழுத வேண்டுமாம். நல்ல கொட்டை எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். காலையும் மாலையும் கழுவிவிட ஓர் அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறார். விருது முடிவு என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பவதாரணி வரவில்லை. பூட்டுக்கு நிழல் போட்டோம்.

ஆகஸ்ட் 13, புதன்

பவதாரணி வந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். வகுப்புக்குள் வருவதற்கு முன் சுவர்ப் படத்தின் முன்னால் போய் நின்றாளாம். வந்ததும், "டீச்சர், அந்தப் பூவை அழிச்சுட்டு மறுபடி பூட்டு போட்டுறலாமா?" என்று கேட்டாள்.

"பூட்டு இங்க இருக்கு பாரு."

ஸ்டூலைப் பார்த்தாள். பூட்டு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். மற்றவர்கள் ஒரு வாரமாக முட்டிக்கொண்டிருக்கும் வளைவு அவளுக்கு ஒரே இழுப்பில் வந்துவிட்டது. திருத்த எதுவும் இல்லை. பயிற்சியில் அந்தச் சணல் பைக்காரர் இதைத்தான் சொன்னாரோ என்னவோ.

பாதியில் எழுந்து, "டீச்சர், போயிட்டு வரட்டுமா?" என்றாள்.

யோகலட்சுமி பழக்கத்தில் கூடப் போக எழுந்தாள். "நீ எதுக்கு? உட்காரு" என்றேன். பவதாரணி தனியாகப் போனாள். நான் ஒரு பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். போனதும் வந்ததும் வகுப்பில் யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதி வைக்கிறேன்.

பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தேன். வகுப்பே நிமிர்ந்து பார்த்தது. "படத்தைப் பாருங்க" என்றேன். மணி அடித்ததும் நானும் போனேன்.

வீட்டுக்கு வந்தால் கறிவேப்பிலைச் செடி வாடியிருக்கிறது. இனி அதற்குத் தனியாகத்தான் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டும்.

கழிப்பறைத் தாழ்ப்பாள் உள்பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. ஐந்து வருஷம் யாரும் போடாத தாழ்ப்பாள் இல்லையா. நாளை மறக்காமல் தேங்காய் எண்ணெய் எடுத்துப் போக வேண்டும்.